பனித்தளத்தில் நான்கு வாழ்க்கை: ஃபிகர் ஸ்கேட்டிங் பற்றிக் கொழும்பிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்திரிகையில் "பனிச்சறுக்கு" என்று போடுகிறார்களே, அதுதானா இது?

இல்லை. பனிச்சறுக்கு என்பது மலைச்சரிவில் நீளப் பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு இறங்குவது. ஃபிகர் ஸ்கேட்டிங் 60 × 30 மீற்றர் உறைதளத்தில், சப்பாத்தின் அடியில் பூட்டிய எஃகுப் பிளேட்டில் வழுகி, சுழன்று, தாவுவது. அந்தப் பிளேட்டின் அகலம் ஏறக்குறைய 4 மில்லிமீற்றர்தான். அதுவும் தட்டையாக இராது. நடுவில் வாய்க்கால் வெட்டியதுபோலக் குழிந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு பிளேட்டிலும் இரண்டு விளிம்புகள் உண்டு: உடலின் நடுவைப் பார்த்தது உள்விளிம்பு, மற்றது வெளிவிளிம்பு. எந்த விளிம்பில் நிற்கிறார், அதிலிருந்து எதற்கு மாறுகிறார் என்பதுதான் இந்த விளையாட்டின் இலக்கணம். போட்டியாளர், வர்ணனையாளர், பயிற்றுநர் மூவருக்கும் சோறு போடுவது அந்த அறிவே. அதனால் கீழே "விளிம்பு" என்ற சொல் அடிக்கடி வரும்.

ஒரே ஆள் போட்டி, நடிப்பு, வர்ணனை, பயிற்சி எல்லாவற்றையும் செய்ய முடியுமா?

செய்திருக்கிறார்கள். போட்டி வாழ்க்கை பெரும்பாலும் இருபதுகளின் நடுவிலேயே முடிந்துவிடுவதால், அடுத்தது என்ன என்ற கேள்வி எல்லோருக்கும் வருகிறது. நோர்வேயின் சோன்யா ஹெனி 1928, 1932, 1936 என மூன்று ஒலிம்பிக் தங்கங்கள் வென்று, 1936இலேயே ஹொலிவூட்டுக்குப் போய் நட்சத்திரமானார். அமெரிக்காவின் டிக் பட்டன் 1948, 1952 தங்கங்களுக்குப் பிறகு பல பத்தாண்டுகள் தொலைக்காட்சி வர்ணனையின் குரலாக இருந்தார். கரோல் ஹைஸ் 1960இல் தங்கம் வென்றார், 1961இல் ஒரு படத்தில் கதாநாயகியாக நடித்தார், பின்பு ஒஹாயோவில் பயிற்றுநரானார். பிரித்தானியாவின் ரொபின் கசின்ஸ் 1980 தங்கத்துக்குப் பிறகு மேடைக்கும் பிபிசி வர்ணனைக்கும் போனார். கனடாவின் பிரையன் ஓர்சர் 1984, 1988 இரண்டிலும் வெள்ளியோடு நின்றார். ஆனால் அவர் பயிற்றுவித்த யுனா கிம் 2010இலும், யுசுரு ஹன்யூ 2014, 2018இலும் தங்கம் வென்றார்கள்.

நான்கில் நடிப்பு மட்டும் தனி. மற்ற மூன்றுக்கும் விளிம்பை அறிந்த கண் போதும். நடிப்புக்கு அது போதாது.

எத்தனை வயதில் தொடங்கவேண்டும்?

சர்வதேச மட்டத்துக்கு வந்தவர்களில் அநேகர் நாலு முதல் ஏழு வயதுக்குள் தளத்தில் கால் வைத்தவர்கள். ஆனால் அவசரப்படக் காரணம் முன்பைவிடக் குறைவு. சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 2022இல் எடுத்த முடிவின்படி, முதுநிலைப் போட்டிக்கான குறைந்தபட்ச வயது 2024–25 பருவத்திலிருந்து 17. 1998இல் 15 வயதில் ஒலிம்பிக் தங்கம் வென்ற தாரா லிபின்ஸ்கி இன்றைய விதியில் களமிறங்கியிருக்கவே முடியாது. நல்ல மாற்றம் இது. பயிற்றுநராகவோ தொழில்நுட்ப அதிகாரியாகவோ வர விரும்புபவர் 12 வயதில் தொடங்கினாலும் தாமதமில்லை.

மகள் ஐந்து வருடமாகப் பரதநாட்டியம் பழகுகிறாள். அது உதவுமா?

நிறைய உதவும், சில இடங்களில் இடையூறாகவும் இருக்கும். பெற்றோர் இரண்டையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

உதவுபவை: தாளத்தில் உடம்பை நிறுத்தத் தெரிந்திருப்பது, பார்வையைத் தூரத்துக்கு அனுப்பத் தெரிந்திருப்பது, கை விரல் நுனிவரை முடிந்திருப்பது. நடுவர்கள் தனியாகப் புள்ளியிடும் மூன்று கூறுகளில் ஒன்று வெளிப்படுத்தும் விதம். அபிநயம் பழகிய பிள்ளைக்கு அங்கே தொடக்கத்திலிருந்தே கைகொடுக்கும். அரைமண்டியால் இடுப்பு வெளிப்பக்கம் திறந்திருக்கும். இரண்டு பாதங்களும் எதிரெதிர்த் திசை பார்க்க ஒரே வளைவில் போகும் ஸ்ப்ரெட் ஈகிள் மற்றப் பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் வராது. இவளுக்கு விரைவில் வரும்.

இடையூறானவை: அரைமண்டியில் முழங்கால் பக்கவாட்டில் திறக்கும், முதுகு நேராக நிற்கும். பனித்தளத்தில் முழங்கால் விரல்களுக்கு நேர் மேலே முன்னோக்கி மடங்கவேண்டும், கணுக்காலும் கூடவே மடங்கவேண்டும். பழைய பழக்கத்தில் முழங்காலை மட்டும் மடக்கினால் எடை குதிக்காலுக்குப் போகும். பிளேட் முன்னே வழுகும், பிள்ளை பின்னந்தலை அடிபட விழும். அதனால் தொடக்கத்தில் தலைக்கவசம் கட்டாயம். அடுத்தது தட்டு. நாட்டியத்தில் பாதம் தரையை அடிக்கும், இங்கே பிளேட் பனியை அழுத்தவேண்டும். நல்ல விளிம்புக்கு மெல்லிய "சர்" என்ற ஓசைதான். சுரண்டும் சத்தம் வந்தால் பிளேட் தட்டையாக நிற்கிறது அல்லது பிளேட்டின் முன்நுனியில் வெட்டியிருக்கும் முன்பற்கள் உரசுகின்றன என்று அர்த்தம். சுழலும்போது எடை பாதத்தின் முன்பந்தில், பிளேட்டின் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் இருக்கவேண்டும். முன்னே போனால் பற்கள் கடித்து நிற்கும், பின்னே போனால் சுழற்சி தளத்தில் அலைந்து திரியும்.

நாட்டியத்தை விட்டுவிடச் சொல்லத் தேவையில்லை. ஒரே நாளில் இரண்டு வகுப்பும் இருந்தால் நாட்டியம் முதலில், ஸ்கேட்டிங் பிறகு என்று வைத்தால் குழப்பம் குறையும்.

கொழும்பில் இருந்துகொண்டு உண்மையாகவே தொடங்க முடியுமா?

தொடங்கலாம். நிலத்தில் பழகி, விடுமுறையில் பனிக்குப் போகும் முறையில்தான் தொடங்கவேண்டும். வெப்ப நாட்டுப் பிள்ளைகளுக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை: பிலிப்பைன்ஸின் மைக்கல் மார்ட்டினெஸ் கடைத்தொகுதிப் பனித்தளத்தில் பழகி 2014 ஒலிம்பிக்கில் 19ஆம் இடம் பெற்றார். மலேசியாவின் ஜூலியன் யீ 2018இல் கலந்துகொண்டார்.

நிலத்தில் செய்யக்கூடியவை மூன்று. ஒன்று, கயிறடித்தல்: இரண்டு காலிலும், பிறகு இறங்கும் காலில் மட்டும். இரண்டு, நின்ற இடத்தில் எழும்பிச் சுழன்று இறங்குவது. இடப்பக்கம் சுழலும் பிள்ளை வலது காலில், முழங்கால் மடங்கி, பின்னோக்கி இறங்கவேண்டும். கொங்கிறீற்றில் செய்யவேண்டாம், பாய் அல்லது மரத்தளம் வேண்டும். ஒரு நாளைக்கு 30 தாவலுக்கு மேல் வேண்டாம். மூன்று, சில்லு ஸ்கேட்டிங். வீதியில் ஓடும் சாதாரண இன்லைனில் நான்கு சில்லும் ஒரே மட்டத்தில் இருப்பதால் திருப்பங்கள் வராது. நடுச்சில்லுகள் சற்றுத் தாழ்ந்து, முன்னே றப்பர் முட்டு பூட்டிய ஃபிகர் சட்டம் வேண்டும். அதில் விளிம்பு, மூன்றுத்திருப்பம் (ஒற்றைக்காலில் 3 போன்ற தடம் விட்டுத் திரும்புவது), ஒற்றைச் சுற்றுத் தாவல்கள் எல்லாம் பழகலாம். ஒரு வேறுபாட்டை நினைவில் வையுங்கள்: சில்லு பக்கவாட்டில் வழுகாது, ஆகவே நிறுத்தம் வேறுவிதம். பனிக்குப் போன முதல் நாள் நிறுத்தத்தை முதலிலிருந்து பழகவேண்டும்.

டுபாய், கோலாலம்பூர், ரொறன்ரோ என்று சொந்தக்காரரிடம் போகும் விடுமுறையில், ஒரு நாள் முழுக்கச் சுற்றுவதைவிட, பத்து நாள் தொடர்ந்து தினம் ஒரு மணித்தியாலம் பழகுவது பலமடங்கு பயன் தரும். கனடாவில் பெரியம்மா வீடு இருந்தால், கழகங்களில் நடக்கும் "கான்ஸ்கேட்" ஆரம்ப வகுப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

சப்பாத்து வாங்கும்போது எதைப் பார்க்கவேண்டும்?

பெரும் பிழை ஒன்றுதான்: "வளர்கிற பிள்ளை" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவது. கால் உள்ளே நகர்ந்தால் விளிம்புக்குக் கட்டளை தாமதமாகப் போகும், கொப்புளமும் வரும். எழுந்து நின்று, எடையை வைத்து, இரண்டு பாதங்களையும் மில்லிமீற்றரில் அளவுங்கள். அதற்கேற்ற அளவு வழமையான சப்பாத்தைவிடச் சிறிதாகவே வரும். நேராக நிற்கும்போது விரல் நுனி மெல்லத் தொடவேண்டும், முழங்காலை மடக்கினால் விலகவேண்டும், குதிக்கால் அசையவே கூடாது. மெல்லிய ஒரு சோடிக் காலுறை போதும். கயிற்றை விரல்பக்கம் தளர்வாகவும், புறங்காலிலும் கணுக்கால் மடிப்பிலும் இறுக்கமாகவும், மேல் கொக்கிகளில் சற்றுத் தளர்த்தியும் கட்டுங்கள்.

பிளேட்டை முதலில் சில திருகாணிகளில் மட்டும் தற்காலிகமாகப் பூட்டி, பனியில் ஒற்றைக்காலில் நேராக வழுக விட்டுப் பார்ப்பார்கள். பாதம் உட்பக்கம் சாய்ந்தால் பிளேட்டை ஓரிரு மில்லிமீற்றர் உட்பக்கம் நகர்த்தவேண்டும். சரியான பின்னரே மற்றத் திருகாணிகள்.

சாணை ஏறக்குறைய 20 முதல் 40 மணித்தியால ஓட்டத்துக்கு ஒருமுறை. குழிவின் ஆரம் பொதுவாக 11–13 மில்லிமீற்றர். தெருவில் கத்தி சாணை பிடிப்பவரிடம் கொடுக்கவே வேண்டாம். ஹொக்கி பிளேட்டுக்கான இயந்திரத்தில் அனுபவமில்லாதவர் தீட்டினாலும் முன்பற்களில் மிகக் கீழே இருக்கும் கீழ்ப்பல் தேய்ந்துபோகும், பிளேட்டின் நீளவாக்கு வளைவு தட்டையாகும், அதை மீட்க வழியில்லை. தீட்டி வந்ததும் பிளேட்டின் குறுக்கே ஒரு காசை வைத்து, பக்கத்துக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். சாய்ந்து நின்றால் ஒரு விளிம்பு மற்றதைவிட உயரம்.

கொழும்பில் பிளேட் துருப்பிடிக்கிறது. என்ன செய்வது?

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக்காற்று இரண்டு நாளிலேயே வேலையைக் காட்டிவிடும். தளத்திலிருந்து வந்ததும் உலர்துணியால் துடையுங்கள். குளிர்ந்த எஃகில் மறுபடி ஈரம் படியும் என்பதால் 15 நிமிடம் கழித்து இன்னொருமுறை துடையுங்கள். அந்த இரண்டாம் துடைப்பைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நடப்பதற்கான கடினப் பிளாஸ்டிக் உறையில் பிளேட்டை வைத்துப் பூட்டக்கூடாது, ஈரம் உள்ளேயே தங்கும். வைப்பதற்குத் துணி உறை. மாதக்கணக்கில் பாவிக்காவிட்டால் தையல் மெசின் எண்ணெய் மெல்லியதாகப் பூசி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் வையுங்கள். தோல் அடிப்பாகத்துக்கு ஈரம் புகாத மெழுகோ பூச்சோ போடாவிட்டால், திருகாணித் துளைகள் ஊறித் தளரும். ஒருநாள் தாவி இறங்கும்போது பிளேட் ஆடும். ஐப்பசி மழையில் சப்பாத்தைக் காற்றாடத் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். மூடிய காருக்குள் வைக்காதீர்கள். வெப்பத்தில் தோலும் பசையும் கெடும்.

புள்ளி எப்படிப் போடுகிறார்கள்? 6.0 எங்கே போனது?

2002 சோல்ட் லேக் சிற்றி ஒலிம்பிக்கில் ஜோடிப் போட்டித் தீர்ப்புச் சர்ச்சைக்குப் பிறகு, 6.0ஐ உச்சப் புள்ளியாகக் கொண்ட பழைய முறை கைவிடப்பட்டு, 2004இல் இன்றைய முறை வந்தது. இப்போது தாவல், சுழற்சி போன்ற ஒவ்வொரு அம்சத்துக்கும் அடிப்படை மதிப்பு உண்டு. நடுவர்கள் அதன் தரத்துக்கு −5 முதல் +5 வரை கொடுப்பார்கள், ஒவ்வொரு படியும் அடிப்படையின் 10 வீதம்.

கணக்காகப் பார்ப்போம். லட்ஸ் என்பது கீழே விளக்கப்படும் ஆறு தாவல்களில் ஒன்று. மூன்று சுற்று லட்ஸின் அடிப்படை 5.90. எல்லோரும் +5 கொடுத்தால் 8.85. சுற்று முடித்தும் விழுந்தால் −5 கிடைத்து 2.95 ஆகும், விழுந்ததற்குத் தனியாக 1 கழியும், மிஞ்சுவது 1.95. சுற்று கால்வாசிக்கு மேல், ஆனால் அரைவாசிக்குள் குறைந்தால் அடிப்படை 80 வீதமாகி 4.72. அரைச்சுற்றோ அதற்கு மேலோ குறைந்தால் இரண்டு சுற்று லட்ஸாகக் கணக்கிட்டு 2.10, அதிலும் தரத்துக்கான கழிவு வரும். ஆகவே விழாமல் இறங்கியவர் விழுந்தவரைவிடக் குறைவாக வாங்குவதும் நடக்கும். "விழவேயில்லையே, ஏன் இவ்வளவு குறைவு?" என்று தொலைக்காட்சி முன் கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் பதில் இதுதான்.

தாவல்கள் எல்லாம் ஒன்றுபோலத் தெரிகின்றன. எப்படிப் பிரித்தறிவது?

ஆறு தாவல்கள். காற்றில் சுற்றும்போது பார்க்காதீர்கள், அங்கே எல்லாம் ஒன்றுதான். எழும்பும் காலைப் பாருங்கள். கீழே உள்ளவை இடப்பக்கம் சுழல்பவர்களுக்கானவை, பெரும்பான்மையினர் அவர்களே.

முன்னோக்கிப் பார்த்தபடி எழும்பினால் ஆக்செல். வேறெதுவும் அப்படி எழும்பாது. இறங்குவது பின்னோக்கி என்பதால் அரைச்சுற்று கூடுதல். "மூன்று சுற்று ஆக்செல்" உண்மையில் மூன்றரை. இதிலிருந்து தொடங்குங்கள், ஒரு மாலையில் பிடிபடும்.

மற்ற ஐந்தும் பின்னோக்கி எழும்புபவை. அவற்றில் மற்றக் காலின் முன்பல்லைப் பனியில் குத்தி எழும்புபவை மூன்று: டோ லூப், ஃபிளிப், லட்ஸ். இடது முன்பல் குத்தினால் டோ லூப். வலது முன்பல் குத்தினால் ஃபிளிப் அல்லது லட்ஸ். இந்த இரண்டுக்கும் வேறுபாடு விளிம்பு மட்டுமே: இடது கால் உள்விளிம்பில் நின்றால் ஃபிளிப், வெளிவிளிம்பில் நின்றால் லட்ஸ். லட்ஸுக்கு முன் தளத்தின் மூலையை நோக்கி நீண்ட பின்வளைவு வரும், வளைவு ஒரு பக்கம், சுழற்சி மறுபக்கம். அதனால்தான் அது கடினம். குத்தும் கடைசிக் கணத்தில் பலருக்குக் கணுக்கால் உள்ளே சரிந்து விளிம்பு மாறிவிடும். புள்ளிப்பட்டியலில் "e" என்ற குறி விழுவது அதற்கே.

குத்தாமல் எழும்புபவை: இடது உள்விளிம்பிலிருந்து, வலது கால் வீசி வர, சால்கோ. வலது வெளிவிளிம்பிலிருந்து, கதிரையில் இருக்கப் போவதுபோலத் தாழ்ந்து, கால்கள் குறுக்கே நிற்க, லூப்.

இறங்குவது ஆறுக்கும் ஒன்றே: வலது கால், பின்னோக்கி, வெளிவிளிம்பு. நான்கு சுற்றில் காற்றில் இருக்கும் நேரம் ஏறத்தாழ 0.7 செக்கன். போட்டியில் முதல் நான்கு சுற்றுத் தாவல் 1988இல் கேர்ட் பிரவுனிங் செய்த டோ லூப், நான்கு சுற்று ஆக்செல் 2022இல் இலியா மலினின்.

வர்ணனையாளர் எப்படி உடனே கண்டுபிடித்துச் சொல்கிறார்?

மேலே சொன்னதே, ஆயிரக்கணக்கான தடவை பார்த்த பழக்கம். கையில் இரண்டு துணைகளும் உண்டு: போட்டியாளர் முன்கூட்டியே கொடுக்கும் திட்டமிட்ட அம்சப் பட்டியல், காலைப் பயிற்சியைப் பார்த்து எழுதிய குறிப்பு. பட்டியலை நம்பி வாசிப்பவர் அகப்பட்டுக்கொள்வார், ஏனெனில் முதல் தாவல் தவறினால் போட்டியாளர் மற்றவற்றை உடனே மாற்றியமைப்பார்.

பேசவேண்டியது எப்போது என்பதில்தான் தொழில் இருக்கிறது. இசை தொடங்குமுன் பெயரும் கவனிக்கவேண்டிய ஒரு விடயமும். தாவி இறங்கியதும் அதன் பெயர். விளக்கம் மறு ஒளிபரப்பில். இடையில் இசைக்கு வழிவிடவேண்டும். திரை மூலையில் ஓடும் எண் தற்காலிகமானது, தொழில்நுட்பக் குழு மீளாய்வு செய்தபின் மாறும், அதை வைத்து வெற்றி சொல்லக்கூடாது. லிபின்ஸ்கியும் இன்னொரு முன்னாள் போட்டியாளரான ஜொனி வியரும் 2014 சொச்சியிலிருந்து சேர்ந்து செய்யும் வர்ணனையில், ஒருவர் தாவலைச் சொல்ல மற்றவர் நிறுத்திக்கொள்ளும் ஒழுங்கைக் கவனியுங்கள்.

தமிழில் வர்ணனை செய்யலாமா?

தாராளமாக. கிரிக்கெட் வழி காட்டியிருக்கிறது: ரன் ஓட்டமானது, விக்கெட் விக்கெட்டாகவே நின்றது. இங்கும் அப்படியே. சால்கோ, லட்ஸ், ஆக்செல் ஆகியவை உல்ரிக் சால்கோ, அலோயிஸ் லட்ஸ், ஆக்செல் போல்சன் என்ற மனிதரின் பெயர்கள்; மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. விளிம்பு, சுற்று, தாவல், இறக்கம், திருப்பம் ஆகியவை தமிழில் நன்றாக வாயில் வருகின்றன. "மூன்று சுற்று லட்ஸ், வெளிவிளிம்பு சுத்தம், இறக்கத்தில் கை தொட்டது" என்பதை மூன்று செக்கனில் சொல்லிவிடலாம். ஒலியை நிறுத்திவிட்டு, பழைய கனிஷ்ட கிராண்ட் பிறீ (இளையோர் சர்வதேசப் போட்டித் தொடர்) காணொளிகளுக்குப் பேசிப் பதிவுசெய்து, மறுநாள் புள்ளிப்பட்டியலோடு ஒப்பிடுங்கள். இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

நேரடி ஒளிபரப்பு கொழும்பில் எந்நேரம் வரும்?

ஐரோப்பிய மாரிகாலத்தில் அங்கே மாலை 7 மணி என்றால் இங்கே இரவு 11.30. ரொறன்ரோ மாலை 7 மணி, மறுநாள் விடியற்காலை 5.30. ஜப்பான் மாலை 7 மணி, இங்கே பிற்பகல் 3.30.

நடிப்புக்குப் போனவர்களுக்கு என்ன கஷ்டம்?

போட்டியில் நான்கு நிமிடம், ஒரே தடவை. படப்பிடிப்பில் ஆறு செக்கன் காட்சியைப் பதினைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் முடிக்கவேண்டும். ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப ஓடினால் பனி பள்ளம் விழும், பள்ளத்தில் பிளேட் மாட்டும், தளத்தைச் சீராக்கும்வரை காத்திருக்கையில் தசை குளிர்ந்துவிடும். காயங்கள் வருவது அந்தக் காத்திருப்புக்குப் பிறகுதான். அரங்கின் கடைசி வரிசைக்கு எட்டவேண்டும் என்று பழகிய முகபாவம் நெருக்கக் கமராவில் மிகையாகத் தெரியும். பரதம் ஆடியவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு.

முற்காலத்தில் இன்னொரு விலையும் இருந்தது. பணத்துக்காக ஆடியவர் ஒலிம்பிக்குக்குத் திரும்ப முடியாது. ஹெனி அதனால் போட்டிக்கு மீளவில்லை. விதி தளர்ந்த பிறகே, முன்னாள் ஒலிம்பிக் வெற்றியாளரான ஜேர்மனியின் கத்தரினா விற் 1994இல் திரும்பி வந்து ஏழாம் இடம் பெற்றார்.

நல்ல போட்டியாளர் நல்ல பயிற்றுநர் ஆவாரா?

தானாக ஆகமாட்டார். தனக்கு உடம்பில் வந்ததை இன்னொருவருக்குப் படிப்படியாகப் பிரித்துக் கொடுக்கத் தெரியவேண்டும். முதல் பாடம் விழுவது: முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் இடுப்பில் இறங்கி, விரல்களைப் பொத்திக்கொள்வது. எழும்புவது ஒரு முழங்காலை ஊன்றி. பிறகு இருகால் வழுக்கல், ஒற்றைக்கால் வழுக்கல், நிறுத்தம், வளைவு விளிம்புகள், மூன்றுத்திருப்பம், பின்னோக்கிய குறுக்கடி (ஒரு காலை மற்றதன் குறுக்கே வைத்து ஓடுவது). அதற்குப் பின்னரே அரைச்சுற்றுத் தாவல்.

பெற்றோர் வற்புறுத்தலில் பயிற்றுநர்கள் செய்யும் பிழை, ஆக்செலுக்கு ஓடுவது. விளிம்பு உறுதியாகாத பிள்ளை தோளைத் திருகி எழும்பப் பழகும். அந்தத் திருகல் மூன்று சுற்றுவரை கூடவே வரும், பிறகு அவிழ்க்க ஒரு வருடம் போகும். ஒரு முயற்சிக்கு ஒரு திருத்தம் மட்டும் சொல்வதே சிறந்த முறை. ஒரே காலில் தினமும் பல மடங்கு உடல் எடையோடு இறங்குவதால், வளரும் வயதில் பாதத்திலும் கீழ்முதுகிலும் வரும் நோவை "தசைப்பிடிப்பு" என்று தள்ளக்கூடாது. மூன்று நாளுக்கு மேல் இருந்தால் தாவலை நிறுத்தி மருத்துவரிடம் காட்டவேண்டும்.

கனடாவில் பயிற்றுநராக, தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டத்தின் படிகளைக் கடக்கவேண்டும். ஒலிம்பிக் பதக்கம் தேவையில்லை.

செலவு?

ஆரம்பச் சோடி ஏறக்குறைய 150–200 அமெரிக்க டொலர். மூன்று சுற்றுத் தாவல்களுக்கான சப்பாத்தும் பிளேட்டும் 1,000 டொலருக்கு மேல், அதுவும் ஒரு வருடம் தாக்குப்பிடித்தால் அதிர்ஷ்டம். இவற்றைவிடத் தள நேரமும் பயிற்றுநர் கட்டணமும்தான் குடும்பத்தை இறுக்கும்.

பழைய சப்பாத்து வாங்கலாமா?

ஆரம்பத்துக்கு வாங்கலாம். கணுக்கால் மடிப்பைக் கையால் அழுத்திப் பாருங்கள். துணிபோல மடங்கினால் வேண்டாம். பிளேட்டின் கீழ்ப்பல் முழுசாக இருக்கிறதா, திருகாணிகள் இறுகுகின்றனவா என்று பாருங்கள். திருகாணி சும்மா சுற்றினால் துளை ஊறிப்போயிருக்கிறது, விட்டுவிடுங்கள்.